கரடிக் காட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி: நான் பட்ட பாடு

அலாஸ்காவில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்கள் பலர் தோளில் ரைபிளும் போதாதென்று மார்பில் ஒரு கைத்துப்பாக்கியும் கட்டியிருப்பார்கள். ரைபிள்தான் இருக்கிறதே, இது எதற்கு என்று என்னோடு வேலை பார்க்கும் பெரியவரிடம் கேட்டேன். "சுட்ட மூஸை அறுக்கும்போது உன் ரைபிள் எங்கே இருக்கும்?" என்றார். இரண்டு கையும் ரத்தத்தில், குனிந்தபடி மூன்று நான்கு மணி நேர வேலை, ரைபிள் பத்தடி தள்ளி ஏதோ ஒரு மரத்தில் சாய்ந்திருக்கும். ரத்த வாடை பிடித்துக் கரடி வருவது அந்த நேரத்தில்தான்.

சரி என்று ஆங்கரேஜில் ஒரு கடைக்குப் போனேன். இங்கே 21 வயதானவர் துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக 2003 முதல் பெர்மிட் வேண்டாம், போலீஸ்காரர் நிறுத்தினால் இருக்கிறது என்று உடனே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அதனால் வாங்குவதும் காய்கறி வாங்குகிற மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். கடைக்காரர் துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நீட்டினார். எச்1பி விசாவில் இருந்த காலமாக இருந்தால், கையில் வேட்டை லைசென்ஸ் இல்லாமல் இதைத் தொட்டிருக்கவே முடியாது. இப்போது க்ரீன் கார்டு என்பதால் அதன் எண்ணை எழுதினால் போதும். எனக்கு நடுப்பெயர் கிடையாது, அந்த இடத்தில் 'என்எம்என்' (நோ மிடில் நேம்) என்று போடச் சொன்னார். வெறும் இனிஷியல் உள்ளவர்கள் 'ஐஓ' (இனிஷியல் ஒன்லி) என்று போட வேண்டுமாம், நம்மூர்க்காரர்களை நினைத்தே வைத்தார்களோ என்னவோ.

மாட்டிக்கொண்டது முகவரியில். என் டிரைவிங் லைசென்ஸில் இருந்தது தபால் பெட்டி எண், படிவத்துக்கு அது செல்லாது. வீட்டு முகவரி போட்ட அரசு ஆவணம் ஏதாவது வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள், நான் காரின் பதிவுச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி போய் நின்றேன். அப்புறம் எஃப்பிஐ பின்னணிச் சோதனை 'டிலேடு', அதாவது தாமதம் என்று வந்தது. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கொடுப்பதும் மறுப்பதும் கடைக்காரர் இஷ்டம். நல்லவேளை, இரண்டாம் நாளே அனுமதி வந்துவிட்டது.

எதை வாங்குவது என்பதில் பெரியவர் பழைய கட்சி, 44 மேக்னம் ரிவால்வர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆறு தோட்டா, கையை முறிக்கிற உதை. நான் க்ளாக் 20 என்ற 10 எம்எம் பிஸ்டலை எடுத்தேன், 15 தோட்டா. கரடிக்கு ஆழமாகத் துளைக்கிற கெட்டி ஈயத் தோட்டாதான் போட வேண்டும், உள்ளே போய் விரிகிற வகை அல்ல. கூடவே மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சுகிற கரடி ஸ்ப்ரேயும் வாங்கினேன். அலாஸ்காவில் ஸ்ப்ரே அடித்த சம்பவங்களைத் தொகுத்த 2008 ஆய்வில் பழுப்புக் கரடி 92 சதவீதம் தடவை அத்துமீறலை நிறுத்தியிருக்கிறது, அதை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் நம்ப எனக்கு மனசு வரவில்லை.

இனிதான் உண்மையான வேலை. இடுப்பில் கட்டினால் முதுகுப்பையின் பெல்ட் உறையை மூடிவிடுகிறது, ஆகவே மார்பு உறை. பாயும் கரடி 30 மீட்டரை இரண்டு விநாடியில் கடந்துவிடும். முழுப் பையையும் மாட்டிக்கொண்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியை உறையிலிருந்து உருவிக் குறிவைக்க எனக்கு முதல் நாள் நாலரை விநாடி ஆனது. போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்த மனைவி, "கரடி சாப்பிட்டுக் கை கழுவியிருக்கும்" என்றாள். கோடை முழுக்க வீட்டில் தினமும் இருபது தடவை, வார இறுதியில் ராபிட் க்ரீக் சுடுதளத்தில் நிஜத் தோட்டா. ஆகஸ்டில் இரண்டு விநாடிக்குள் வந்தது.

சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பெரியவர்தான் சொன்னார். உயிரைக் காக்கச் சுட்டாலும் கரடி உனக்கில்லை. நகத்தோடு தோலையும் மண்டையோட்டையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், 15 நாளுக்குள் எழுத்தில் விவரம் கொடுக்க வேண்டும். உன் மூஸ் மேல் கரடி உட்கார்ந்துவிட்டது என்பதற்காகவெல்லாம் சுட முடியாது.

செப்டம்பரில் மூஸ் கிடைத்தது. இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி, இரண்டு பேர் முதுகு. இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை முதலில் எடுத்துப்போகக் கூடாது என்பது சட்டம், ஆகவே மறுநாள் காலையும் மழையில் நடந்தோம். குடல் கிடந்த இடத்தில் காக்கைகள் இல்லை. பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார். பாசியும் மண்ணுமாக ஒரு மேடு, நேற்று அது இல்லை. கரடி தன் இரையை இப்படித்தான் மூடிவைக்கும். மேட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு பழுப்புத் தலை நிமிர்ந்தது, நாற்பது மீட்டர் இருக்கும்.

என் கை தானாக மார்புக்குப் போனது. போய் இடித்தது ஜிப்பில். மழைக்கோட்டைக் கழுத்து வரை இழுத்து மூடியிருந்தேன், துப்பாக்கி அதற்குள் பத்திரமாக நனையாமல் இருந்தது. பெரியவர் ஸ்ப்ரேயைக் கையில் பிடித்தபடி சாதாரணக் குரலில் கரடியிடம் ஏதோ பேசிக்கொண்டே பின்வாங்கினார், நானும் ஜிப்பைப் பிடித்தபடியே பின்வாங்கினேன். அது மறுபடி படுத்துக்கொண்டது. இறைச்சியை முந்தின நாளே நூறு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டிருந்ததால் மறுபக்கமாகச் சுற்றிப் போய் எடுத்துவந்தோம், கொம்பு அங்கேயே கிடந்தது.

இந்த வருடம் உறையின் பட்டையைத் தளர்த்தி மழைக்கோட்டுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். நேற்று மூன்று விநாடி.