எடுத்துவிட்ட வரி

"அந்த வரியை ஏன் எடுத்தனீங்கள், அண்ணா?"

எங்களோடு சேர்ந்து அறிக்கை எழுதிய இலங்கைத் தோழி மன்னாரிலிருந்து தொலைபேசியில் கேட்டார். "பக்கம் கூடிப் போச்சும்மா" என்றேன். ஒரு வரியால் எந்த அறிக்கையும் நீண்டுவிடாது. அது அவருக்கும் தெரியும்.

பாக் விரிகுடாவின் கடற்புல் பற்றி இரண்டு கரைத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து எழுதிய அறிக்கை அது. கடலடியை உரசி இழுக்கும் இழுவைமடி வலை கடற்புல்லை வேரோடு வாரிப்போகிறது என்பதுதான் அந்த வரி. இலங்கை 2017-லேயே இழுவைமடியைத் தடை செய்துவிட்டது. அங்கே போய் இழுப்பவை எங்கள் தமிழ்நாட்டுக் கரைப் படகுகள்.

வற்றுநீரில் 6 மீட்டருக்கு மேற்படாத கடலும் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் பன்னாட்டு உடன்படிக்கையின்படி ஈரநிலம்தான். அதை இரு நாடுகள் பகிர்ந்துகொண்டால் கலந்து பேச வேண்டும் என்கிறது அதன் 5-ஆவது பிரிவு. அரசுகள் பேச உட்கார்ந்தால் கச்சத்தீவும் கைதான மீனவர்களும்தான் முதலில் வருகிறார்கள். புல்லைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன்.

எடுத்ததற்குக் காரணம் இருந்தது. 2022-ல் எங்கள் பக்கத்தில் 448 சதுர கிலோமீட்டரை, கடற்புல்லை மேயும் கடற்பசுவான ஆவுளியாவுக்குக் காப்பகமாக அறிவித்தாயிற்று. ஆனால் சிக்கும் ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிப்பவர் மீனவர்தான். எங்கள் கரை மீனவர் சங்கம் எங்களோடு முறித்துக்கொண்டால் யார் சேதி சொல்வார்கள்? இன்றைக்கும் அது தப்பான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் மன்னார்த் தோழி அனுப்பிய படத்தைப் பார்ப்பேன். அறுந்த வலையோரம் ஒரு பிடி புல். இலை மட்டும் கரையொதுங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதில் வெளுத்த வேர்த்தண்டும், அதைப் பிடித்திருந்த சேறும் அப்படியே இருந்தன. வலை ஒரு சிறு படகுக்காரருடையது. அந்த வரி அவருக்காகவும்தான் எழுதப்பட்டது. எங்கள் கரை மனம் கோணாமல் இருக்க, அவருடைய இழப்பை நான் விட்டுக்கொடுத்தேன். அதற்கு எனக்கு என்ன உரிமை?

"சரி அண்ணா, அடுத்தமுறை போடுவம்" என்று மட்டும் சொன்னார் அவர். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

அச்சில் போடுவதற்கு முன் நேரில் பேசிவிடலாம் என்று, போன மாதம் அந்தப் படத்தோடு சங்கத் தலைவரைப் பார்க்கப் போனேன். இலங்கைச் சிறையில் இருக்கும் மருமகனுக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று தாளை நீட்டினார். இரண்டு இடங்களில் திருத்திக் கொடுத்தேன். படத்தைக் காட்டாமலே திரும்பி வந்தேன்.