விடாத குமட்டலுக்குக் காரணம் தேடும்போது

இரைப்பை, குடல் நோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் எனக்கு மிகவும் கடினமாகப்படும் தொல்லை எதுவென்று கேட்டால், வாரக்கணக்கில் விடாமல் தொடரும் குமட்டலையே சொல்வேன். வலி என்றால் நோயாளி விரல் வைத்து இடத்தைக் காட்டிவிடுவார். குமட்டலைக் காட்டச் சொன்னால் சிலர் நெஞ்சைத் தொடுவார்கள், சிலர் தொண்டையைத் தொடுவார்கள், வேறு சிலர் வயிற்றைத் தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலோர் கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அதிலுள்ள எல்லாமே இயல்பாக இருக்கும். "எல்லாம் நார்மல் என்கிறார்கள் டாக்டர், ஆனால் ஒரு வேளைகூட நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை" என்று சொல்லும் அவர்களின் குரலில், தாம் சொல்வதை யாரும் நம்பவில்லையோ என்ற தவிப்பும் கலந்திருக்கும்.

அந்த அறிக்கைகளில் பிழை ஏதும் இருக்காது. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் உட்பரப்பில் புண்ணோ கட்டியோ அடைப்போ இருந்தால் எண்டோஸ்கோபி காட்டிவிடும். ஆனால் இரைப்பை உணவை எவ்வளவு வேகத்தில் கீழே தள்ளுகிறது என்பதையோ, ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்பதையோ அதனால் சொல்ல முடியாது. மேலும், குமட்டல் என்னும் உணர்வு உருவாவது மூளையில். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் 'ஏரியா போஸ்ட்ரீமா' என்றொரு சிறு பகுதி உண்டு. மூளையின் பிற பகுதிகளை ரத்தத்திலுள்ள பொருள்களிடமிருந்து காக்கும் தடுப்பு அங்கே தளர்ந்திருப்பதால், ரத்தத்தில் கலந்த மருந்தையும் நச்சையும் அது நேரடியாகவே உணர்கிறது. இரைப்பையை மூளையுடன் இணைக்கும் வேகஸ் நரம்பும், உட்காதின் சமநிலை உறுப்பும், அச்சமும் கவலையும் எழும் மூளைப் பகுதிகளும் அதே நரம்பு வலைக்குத் தத்தம் செய்தியை அனுப்புகின்றன. வயிற்றை மட்டும் ஆராய்ந்துவிட்டுக் காரணம் இல்லை என்பது, நான்கு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலைப் பார்த்துவிட்டு யாரும் வரவில்லை என்பதற்குச் சமம்.

ஆகவே, நான் முதலில் பார்க்க விரும்புவது நோயாளி உட்கொள்ளும் மருந்துகளைத்தான். பட்டியல் எழுதிவரச் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால், யார் கொடுத்ததாக இருந்தாலும் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்வேன். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை, வலிநிவாரணிகள், மார்ஃபின் வகை மருந்துகள், உடல் எடையைக் குறைக்க இப்போது பரவலாகப் பயன்படும் செமாகுளூடைடு என்று குமட்டலை உண்டாக்கும் மருந்துகள் ஏராளம். வயதான ஓர் அம்மையார் அப்படித் தம் பையை மேசைமேல் கவிழ்த்தபோது, காகிதத்தில் மடித்து வைத்திருந்த பாதியாக உடைத்த மாத்திரைகளும் உருண்டு விழுந்தன. இதயத் துடிப்பைச் சீராக்கப் பல ஆண்டுகளாக அவர் உட்கொண்டுவந்த டிகாக்சின் அது. "இது பழைய மாத்திரைதானே டாக்டர், இதனால் ஒன்றும் இருக்காது" என்றார். அளவு மாறவில்லைதான், ஆனால் அந்த மருந்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் இதற்கிடையில் தளர்ந்துவிட்டிருந்தது. பரிசோதித்தபோது ரத்தத்தில் மருந்தின் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. இதய மருத்துவருடன் பேசி அதை நிறுத்திய பிறகு, அவரே பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண் என்றால், எந்த ஸ்கேனுக்கும் முன்பாகக் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். கோப்பு எவ்வளவு தடித்திருந்தாலும் அந்த ஒரு தாள் அதில் இல்லாமல் போவது உண்டு.

அடுத்து நேரத்தைக் கேட்பேன். விடியற்காலையில் தலைவலியுடன் எழும் குமட்டல், படுத்தாலும் இருமினாலும் கூடுகிறது என்றால், மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று கண்ணின் உட்புறத்தை உடனே பார்த்தாக வேண்டும். சில வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுவதும், பல மணி நேரத்துக்கு முன் உண்டது அப்படியே வாந்தியில் வருவதும் இரைப்பைத் தளர்ச்சியின் அடையாளங்கள். நீண்ட கால நீரிழிவு அதற்குத் தெரிந்த காரணம். நீரிழிவே இல்லாதவர்களுக்கும் அது வரக்கூடும். சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்துப் படம் எடுத்து, 4 மணி நேரத்துக்குப் பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால், இரைப்பை காலியாவதில் தாமதம் இருப்பது உறுதியாகிறது. தலையைத் திருப்பும்போது வருவது உட்காதைச் சுட்டும். நாள்கணக்கில் ஓயாத வாந்தியும் இடையில் முழு நலமுமாக மாறி மாறி வருவது வேறு வகை. அவர்களில் வெந்நீரில் நெடுநேரம் குளித்தால்தான் தணிகிறது என்பவரிடம் கஞ்சாப் பழக்கத்தைப் பற்றிக் கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும்; நீண்ட காலப் பழக்கமே இத்தகைய வாந்தியை உண்டாக்கக்கூடும்.

பலருக்குத் தொடர்பற்றதாகத் தோன்றும் ஒரு கேள்வியையும் நான் தவறாமல் கேட்கிறேன்: வீட்டில் வேறு யாருக்கேனும் இதே தொல்லை உண்டா, வெளியே சென்றால் குறைகிறதா? அடைபட்ட அறையில் எரிபொருள் சரிவர எரியாமல் கசியும் கார்பன் மோனாக்சைடு, தலைவலியும் குமட்டலுமாகத்தான் பெரும்பாலும் வெளிப்படும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அந்த வாயு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்ததாகவே காட்டிவிடும் என்பதால், கேட்காமல் விட்டால் தப்பிவிடும்.

மனம்தான் காரணம் என்று அவசரப்பட்டு எழுதிவிடுவதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மன அழுத்தம் என்று மாதக்கணக்கில் சொல்லப்பட்டு, எடை குறைந்து வந்த ஓர் இளைஞரின் நாடியைப் பிடித்தபோது, அவருடைய உள்ளங்கை ரேகைகள் மை பூசியதைப்போல் கருத்திருந்ததைக் கண்டேன். ஈறுகளிலும் கருமைத் திட்டுகள் இருந்தன. எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்தது. சோடியம் குறைந்து, பொட்டாசியம் உயர்ந்திருந்தது. அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசோல் என்னும் ஹார்மோன் காலை நேரத்தில் மிகக் குறைவாக இருந்தது. தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு அது. விடுபட்ட ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்ததும் குமட்டல் அகன்றது. பதற்றமும் மனச்சோர்வும் குமட்டலை உண்டாக்கும் என்பதை நான் மறுக்கவில்லை; அவற்றுக்கும் அவற்றுக்கே உரிய அடையாளங்கள் உண்டு, அவற்றைக் கேட்டறிந்து உறுதிசெய்ய வேண்டும். வேறொன்றும் அகப்படவில்லை என்பது அதற்குச் சான்றாகாது.

இத்தனையும் பார்த்த பிறகும் காரணம் புலப்படாத சிலர் எஞ்சுவார்கள். இரைப்பை, குடல் செயல்பாட்டுக் கோளாறுகளை வகைப்படுத்த வல்லுநர்கள் வகுத்து 2016-இல் வெளியான ரோம் 4 வரையறை, வாரத்துக்கு ஒரு நாளாவது வாட்டும் குமட்டல், 6 மாதங்களுக்கு முன் தொடங்கிக் கடந்த 3 மாதங்களாக நீடித்து, அதற்கு விளக்கம் தரும் வேறு நோய் இல்லாத நிலையை நாள்பட்ட குமட்டல், வாந்தி நோய் என்று வகுக்கிறது. உறுப்பில் சேதம் தெரியாவிட்டாலும் நரம்புகளின் உணர்திறன் மாறியிருக்கலாம் என்று நான் அவர்களுக்கு விளக்குவேன். மனச்சோர்வுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் குறைந்த அளவிலும், சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும் சிலருக்குப் பயன்தருகின்றன. குமட்டலை அடக்கும் மெட்டோகுளோப்ரமைடைக் காலவரையின்றித் தொடர்வதை நான் ஏற்பதில்லை. நீண்ட நாள் உட்கொண்டால் முகத்திலும் நாக்கிலும் தீராத தன்னிச்சை அசைவுகள் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது. இவர்கள் ஒவ்வொரு முறை வரும்போதும் எடையைப் பார்த்து, மருந்துப் பையை மீண்டும் கவிழ்க்கச் சொல்கிறேன். எடை சரிந்தாலோ, விழுங்குவதில் தடை தோன்றினாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, கோப்பை ஓரமாக வைத்துவிட்டு முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் தொடங்குகிறேன்.