நீலம் ஏறும் வரை: தாண்டிக்குடி கருமஞ்சள் நாட்குறிப்பு

ஏப்ரல் 9, 2023

தங்கச்சி வீட்டுக்காரர் நேற்று ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் வேலை. சத்தீஸ்கர் பக்கம் எட்டு மாதம் இருந்துவிட்டு வருகிறார். போகும்போது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மறக்காமல் வாரச்சந்தையில் வாங்கி, சாக்குத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். "மதினி, நீங்க கேட்ட கருமஞ்சள். உரசிப் பாத்துத்தான் வாங்குனேன்."

மொத்தம் 640 கிராம். வெளியே மண்ணும் வேரும் ஒட்டி, இஞ்சியா மஞ்சளா என்று தெரியாத பழுப்பு நிறம். மூக்குப் பக்கம் கொண்டுபோனதும் கற்பூர வாசம். ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தேன். நடுவில் கருநீலம், சுற்றி வெளிறிய வளையம். ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் திருவிழாக் கடையில் ஒரு யாவாரியிடம் ஒரு துண்டு 800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சிவப்புத் துணியில் சுற்றி, பணப்பெட்டியில் வைத்தால் காசு தங்கும் என்று சொல்லி விற்றான். நான் வாங்கியது பெட்டிக்கு இல்லை, அத்தையின் முழங்காலுக்கு. வீட்டில் வந்து கழுவினால் தண்ணீர் கருப்பாக ஓடியது. நகத்தால் கீறினால் உள்ளே பளிச்சென்று சாதா மஞ்சள். சாயம் ஏற்றியிருக்கிறான். காசு போனது வருத்தம்தான். கழுவாமல் அரைத்திருந்தால் அந்தச் சாயம் அத்தை காலில் ஏறியிருக்குமே, அதை நினைத்துத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை. இனி இதை வாங்குவதில்லை, நட்டுத்தான் எடுப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இப்போது நட முடியாது. எங்கள் மலையில் காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்து ஓய்ந்து வெயில் காய்கிறது. கிழங்கை ஆற்று மணலில் புதைத்து அடுப்படி மூலையில் வைத்திருக்கிறேன்.

மே 14

கோடை மழை ரெண்டு பெய்தது. கிழங்கில் கணு எல்லாம் வெள்ளை முளை. இன்றைக்கு நட்டாயிற்று.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையாவது இருக்கும்படி நறுக்கினேன். 12 துண்டு வந்தது. அழுகல் வராமலிருக்க, வத்தலக்குண்டில் வாங்கின சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கரைத்து அரைமணி நேரம் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினேன். இடம் ஆரஞ்சு மரத்துக்கும் கல்யாண முருங்கைக்கும் நடுவே. காலை வெயில் விழும், உச்சி வெயில் விழாது. முழங்கால் அளவு மேட்டுப்பாத்தி, தொழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. முளை மேல் பார்க்க ரெண்டு அங்குல ஆழம், துண்டுக்குத் துண்டு ஓரடி இடைவெளி. மேலே சில்வர் ஓக் சருகு மூடாக்கு.

நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கேரளாக்காரர்களுக்கு ஆனி, ஆடியில் கொட்டுவது நமக்குச் சாரலோடு போய்விடும். அதனால் நட்ட நாலு மாதம் தண்ணீருக்கும், கிழங்கு பெருக்கிற நேரத்தில் அழுகலுக்கும் காவல் இருக்க வேண்டும். மேட்டுப்பாத்தி போட்டதே அதற்காகத்தான்.

ஜூன் 25

12-இல் 9 முளைத்தது. மூன்றைத் தோண்டிப் பார்த்தேன், உளுத்துப் போயிருந்தது.

ஒரு செடியில் இலைக்குப் பக்கத்திலேயே மண்ணைப் பிளந்துகொண்டு பூங்கொத்து வந்திருக்கிறது. உச்சியில் ரோஸ் நிற மடல்கள், அதற்குக் கீழ் பச்சை மடல்களுக்குள் ஒளிந்தாற்போல வெளிர்மஞ்சள் பூ. அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் காட்டினேன். "கருப்பு கருப்புன்னு சொன்ன, இது கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 3, ஆடி 18

இலை இடுப்பு உயரம் வந்துவிட்டது. ஒவ்வொரு இலையிலும் நடு நரம்பை ஒட்டிக் கருஞ்சிவப்புக் கோடு, அடியிலிருந்து நுனி வரைக்கும். காலை மூடுபனி விலகும் நேரத்தில் பின்பக்கத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மருதாணி வைத்த விரல் மாதிரி இருக்கிறது.

ஆனால் இந்தக் கோட்டை மட்டும் நம்பி யாரும் விதைக்கிழங்கு வாங்கிவிடக் கூடாது. பூலாங்கிழங்கிலும் இதே மாதிரி கோடு வரும். அதை வெட்டினால் உள்ளே வெளிர் மஞ்சள்தான். குளியல் பொடிக்குக் கஸ்தூரி மஞ்சள் வாங்குகிறவர்களுக்கும் இதே பாடுதான். அசல் கஸ்தூரி மஞ்சள் பளீர் மஞ்சளாக இருக்காது, வெளிறித்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் வேறெதையோ வாங்கிப் பூசிக்கொள்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் கிழங்கை வெட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் ஆளைச் சொல்ல முடியும்.

கருமஞ்சளுக்குக் கர்கூமா சீசியா என்று 1810-இல் அறிவியல் பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. சென்னை மாகாணத்தில் டாக்டராக இருந்து, பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைக் கவனித்தவர். சீசியா என்றால் லத்தீனில் நீலம் கலந்த சாம்பல் நிறம். அவர் கண்ணுக்கும் இது கருப்பாகத் தெரியவில்லை. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசா, வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள்தான் இதற்குத் தாய்வீடு. அங்கே அடிபட்ட வீக்கத்துக்கு அரைத்துப் போடுகிறார்கள். வங்காளத்தில் காளி பூஜைக்கும் வைப்பார்களாம்.

காப்பிக் காட்டுக்கு வேலைக்கு வரும், இந்த மலையின் பழங்குடியான பளியர் அக்கா இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். "நம்ம காட்டுல இது இல்லையே தாயி. வாசம் புதுசா இருக்கு" என்றார். இந்த மலையின் கிழங்கு அத்தனையும் தெரிந்தவர். புதுசு என்று அவர் சொன்னால் புதுசுதான்.

அக்டோபர் 29

ஆறு நாளாக விடாத மழை. காலையில் போய்ப் பார்த்தால் ரெண்டு செடி மட்டும் மஞ்சளடித்துத் தொங்குகிறது. தண்டைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கொழகொழவென்று அழுகல் நாற்றம். கற்பூர வாசமே இல்லை.

தப்பு என்னுடையது. ஆரஞ்சு மரத்துச் சருகு வாய்க்காலை அடைத்து, பாத்தியின் ஒரு முனையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஒரு வாரம் குடையைப் பிடித்துக்கொண்டாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். அழுகின ரெண்டையும் சுற்று மண்ணோடு அள்ளித் தோட்டத்துக்கு வெளியே கொட்டினேன். வாய்க்காலை ஆழப்படுத்தி, மிச்சம் ஏழு செடியின் தூரிலும் அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சை கலந்த தொழு உரம் போட்டேன்.

போட்டுவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். நல்ல செடி ஒன்றின் ஓரத்தில் மண்ணை விலக்கி, தாய்க்கிழங்கிலிருந்து விரல் மாதிரி கிளைக்கும் விரலி ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். உள்ளே கிட்டத்தட்ட வெள்ளை. நடுவில் மட்டும் பென்சில் கோடு மாதிரி மங்கலாக ஏதோ ஒரு நிறம்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "விடு, மஞ்சள்னு நெனச்சுக்க" என்றார். சாப்பாடு இறங்கவில்லை. மனுஷர் அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்துவந்தது வீணாகிவிட்டதா? நட்ட கிழங்கை என் கண்ணால் ஒடித்துப் பார்த்தேனே, நீலமாகத்தானே இருந்தது?

நவம்பர் 21

ராத்திரி காட்டுப்பன்றி. சேப்பங்கிழங்குப் பாத்தி முழுக்க உழுத வயல் மாதிரி கிடக்கிறது. கருமஞ்சள் பாத்தியில் ஒரு முனையை மட்டும் கிளறிவிட்டு, தின்னாமல் போயிருக்கிறது. மண்ணை அணைத்துவிட்டேன். காப்பி பறிப்பு ஆரம்பித்துவிட்டது, எழுத நேரமில்லை.

ஜனவரி 15, 2024, பொங்கல்

வத்தலக்குண்டிலிருந்து மஞ்சள் கொத்து வாங்கிவந்து பானையில் கட்டினோம். எனக்கு நம் பாத்தியில் ஒரு கொத்து எடுத்துக் கட்ட ஆசை. இலை பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது, ஆனாலும் ஒரு செடியில் பச்சை இருந்தது. அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பானைக்கு மஞ்சளே கட்டு. அதுக்கு ஒரு கோலம் போட்டு, ஒரு வாய் பொங்கல் வச்சுட்டு வா. அதும் மண்ணுல வெளஞ்சதுதான" என்றார். போய் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11

இலை முழுக்கச் சாய்ந்துவிட்டது. நட்டு ஒன்பது மாதம். களைக்கொத்தியை ஓரத்திலிருந்து இறக்கி, கிழங்கில் வெட்டு விழாமல் ஒவ்வொன்றாகக் கிளப்பினோம். ஏழு செடியில் 2 கிலோ 700 கிராம்.

கழுவி, பெரிய தாய்க்கிழங்கு ஒன்றைக் குறுக்கே நறுக்கினேன். கருநீலம்! மைக்கூட்டுக்குள் தோய்த்து எடுத்தது போல. விரலிகளை நறுக்கினால் முற்றினதில் நீலம், இளசில் சாம்பல், நுனியில் வெள்ளை. அக்டோபரில் நான் ஒடித்தது பிஞ்சு விரலி. முற்றுவதற்கு முன்னாடி நிறத்தைத் தேடியிருக்கிறேன். தங்கச்சி வீட்டுக்காரருக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அவர் இப்போது ஒடிசாவில் இருக்கிறார். மெஷின் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும்.

பிப்ரவரி 20

எடுத்த கிழங்கு மூன்றாகப் பிரிந்தது. 1 கிலோ விதைக்கு. ஒன்றரை கிலோவை மெல்லிசாக நறுக்கி நிழலில் காயப்போட்டேன். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை வேகவைத்து வெயிலில் காயவைப்பார்கள். இதன் பலம் வாசனை எண்ணெயில் இருப்பதால் நான் வேகவைக்கவில்லை, வெயிலும் காட்டவில்லை. காய்ந்தபின் 300 கிராம் சொச்சம் வந்தது. மிச்சம் பச்சையாக அத்தைக்கு.

முதலில் என் மணிக்கட்டில் கொஞ்சம் தடவி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன். அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை. அதன்பிறகுதான் அம்மியில் அரைத்து, நல்லெண்ணெயில் வெதுவெதுப்பாக்கி அத்தை முழங்காலில் பற்றுப் போட்டேன். சாம்பல் பூசின மாதிரி இருந்தது. நாலு நாளாகப் போடுகிறேன். "ராத்திரி தூங்குறேன்டி" என்கிறார். கிழங்கின் குணமா, எண்ணெய்ச் சூடா, தினமும் அரைமணி நேரம் காலைப் பிடித்துவிடுவதா, பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தூங்குகிறார், அது போதும்.

குழம்பில் போடலாமா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கசக்கும், நிறமும் தராது. சாதா மஞ்சளுக்கு அந்த மஞ்சள் நிறத்தைக் கொடுப்பதே குர்குமின். இதில் அது ரொம்பக் குறைவு.

நேற்று மதியம் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரருக்குப் புற்றுநோய், மதுரையில் வைத்தியம் நடக்கிறது. யாரோ போனில் அனுப்பினார்களாம், கருமஞ்சளைத் தினமும் வெறும் வயிற்றில் கொடுத்தால் ஆஸ்பத்திரியே வேண்டாமென்று. எவ்வளவு காசு கேட்டாலும் தருகிறேன் என்றார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அக்கா, இது மேலுக்குப் பூசுறது. உள்ளுக்குக் குடுத்துறாதீங்க, டாக்டர் மருந்தையும் நிறுத்திறாதீங்க. ஊசி மருந்து ஓடுற நேரத்துல எதக் குடுத்தாலும் அவங்ககிட்டக் கேட்டுட்டுக் குடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுதார். நானும் அழுதேன். காப்பி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், புதன்கிழமை கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 25

விதைக்கிழங்கை மணல் பெட்டியில் அடுக்கினேன். 22 துண்டு தேறும். நாலு பளியர் அக்காவுக்கு, மூன்று தங்கச்சிக்கு. மிச்சம் 15 நம் பாத்திக்கு. இந்தத் தடவை வாய்க்காலை முதலிலேயே வெட்டிவிட வேண்டும். அடுப்படி முழுக்கக் கற்பூர வாசம்.