யுஎஸ்எஸ் ஃபால்கன் மாடல்: பின்தளம் வரை வந்தாச்சு

கப்பலின் உடல் முடிந்தது. ஒட்டுப்பலகைச் சட்டங்களுக்கு மேல் பால்சா பட்டைகள், இடுக்குகளில் எம்-சீல், அப்புறம் உப்புத்தாள் போட்டு தேய் தேய் என்று தேய்த்ததுதான். 1:144 அளவில் நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் ஏழரை. நிஜக் கப்பலே 57 மீட்டர்தான். பெரிய போர்க்கப்பல் மாடல்கள் பக்கத்தில் இதை வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மேல்தளத்துக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. எந்த வருஷத்து ஃபால்கனைச் செய்வது?

கடலில் விதைத்த கண்ணிவெடிகளை வாரி அகற்றக் கட்டிய கப்பல் இது. பறவைப் பெயர் வைத்த லாப்விங் வகையில் ஒன்று. அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த தேதி 1918 நவம்பர் 12. முதல் உலகப்போர் ஓய்ந்ததற்கு மறுநாள்! ஆனாலும் வேலை மிச்சமிருந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளிலிருந்து நார்வே பக்கம் வரை சுமார் 70,000 கண்ணிகளை விதைத்திருந்தார்கள். 1919-ல் அவற்றை வாரப் போன கப்பல்களில் ஃபால்கனும் உண்டு. கம்பிவடத்தை இழுத்துப் போக வலுவான வின்ச் (கம்பிவடம் சுற்றும் இயந்திர உருளை), தடையில்லாத தாழ்ந்த பின்தளம் என்று அந்த வேலைக்குத் தேவைப்பட்டவைதான் பிற்பாடு இதை மீட்புக் கப்பலாக்கின. டைவர்களை இறக்க அதைவிடத் தோதான இடம் வேறு எது?

1925 செப்டம்பரில் எஸ்-51 நீர்மூழ்கி ஒரு பயணிகள் கப்பல் மோதி 40 மீட்டர் ஆழத்தில் போய்க் கிடந்தது. அதன் அடியில் ஃபால்கனிலிருந்து இறங்கிய டைவர்கள் நீர்க்குழாய் பீய்ச்சிச் சுரங்கம் தோண்டி, சங்கிலி நுழைத்து, 80 டன் தூக்கும் மிதவைகளைக் கட்டி, 1926 ஜூலையில் மேலே கொண்டுவந்தார்கள். அடுத்து மூழ்கியது எஸ்-4 நீர்மூழ்கி, 1927 டிசம்பர். உள்ளே ஆறு பேர் உயிரோடு இருந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புயலில் டைவர்களை இறக்க முடியவில்லை; இறங்கினாலும் உள்ளே இருந்தவர்களை வெளியே எடுக்கச் சாதனம் கிடையாது. அந்தக் கொடுமைக்குப் பிறகு உருவானதுதான் மெக்கன் மீட்புக் கூண்டு: மூழ்கிய நீர்மூழ்கிவரை இறங்கி ஆட்களை ஏற்றிவரும் இரும்புக் கூடு.

ஆகவே என் தேர்வு 1939 மே 24. முந்தின நாள் ஸ்குவாலஸ் நீர்மூழ்கி சோதனை முழுக்கின்போது, காற்றுக்குழாயின் பெரிய வால்வு திறந்தே இருந்ததால் பின்பாதி நிரம்பி 74 மீட்டரில் மூழ்கியது. 59 பேரில் 33 பேர் முன்பாதியில் உயிரோடு. நியூ லண்டனிலிருந்து ஓடிவந்த ஃபால்கன் நான்கு பக்கமும் நங்கூரம் போட்டு நேர் மேலே நின்றது. டைவர் ஒருவர் இறங்கி நீர்மூழ்கியின் மூடியில் கம்பியை மாட்ட, கூண்டு அதைப் பிடித்துக்கொண்டே தன்னைத்தானே கீழே இழுத்துப் போனது. ஏழு, ஒன்பது, ஒன்பது, எட்டு என்று நான்கு நடையில் 33 பேரும் வந்துசேர்ந்தார்கள். கடைசி நடையில் கம்பி சிக்கி, பல மணி நேரம் எல்லோருக்கும் திக்திக்.

(ஜூலை 13 அன்று மிதவை கட்டித் தூக்கும்போது ஸ்குவாலஸின் மூக்கு குபீரென்று தண்ணீரைக் கிழித்து எழும்பி, மறுபடி மூழ்கிப்போனது. பார்க்க அதுதான் பிரமாதமான காட்சி. ஆனால் அந்த நுரையை ரெசினில் வார்க்க எனக்குப் பொறுமை இல்லை.)

கூண்டு தயார்: மரக்கட்டையைக் கடைந்தது, இரண்டு சென்டிமீட்டர், பேரிக்காய் வடிவம். பின்தளத்தில் அதைத் தூக்கி இறக்கும் டெரிக் (பளுதூக்கி) பித்தளைக் கம்பியில். டைவர்களின் காற்றுக்குழாய்க்குப் பழைய இயர்போனுக்குள் இருந்த மெல்லிய கம்பி கச்சிதம். நான்கு நங்கூரக் கயிறுகள்தான் இழுபறி. ஒன்றை இறுக்கினால் எதிர்ப்பக்கம் தொய்கிறது. நிஜக் கப்பலிலும் அன்றைக்கு இதே பாடுதான் பட்டிருப்பார்கள்.

அடுத்து ஆட்கள். 1:144-ல் ஓர் ஆள் 12 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது ரயில் மாடலுக்கான 1:160 பொம்மைகள், கொஞ்சம் குள்ளம். செப்பு ஹெல்மெட் மாட்டிவிட்டால் தெரியாது.