பெட்டி ஃபோர்டு மறைக்கவில்லை

அமெரிக்க அதிபரின் மனைவிக்குச் சம்பளம் கிடையாது. அரசியலமைப்பில் அப்படி ஒரு பதவியே இல்லை. ஆனால் நாடே பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது. அங்கே இருந்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் பெட்டி ஃபோர்டு.

1974 ஆகஸ்டில் கணவர் ஜெரால்டு ஃபோர்டு அதிபரானார். செப்டம்பர் கடைசியில் பெட்டிக்கு மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை. அப்போதெல்லாம் இந்த நோயை வீட்டுக்குள்ளேயே மூடி மறைப்பார்கள். இவர் மறைக்கவில்லை. என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஊருக்கே தெரிந்தது. மருத்துவமனையில் கணவரோடு இருக்கும் படமும் வெளிவந்தது. அதைப் பார்த்துப் பெண்கள் பரிசோதனைக்குக் கிளம்பினார்கள். துணை அதிபர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் ராக்கஃபெல்லரின் மனைவி ஹேப்பி, தன்னைத் தானே சோதித்துப் பார்த்துக் கட்டியைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே அவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு கையெழுத்து, ஒரு சட்டம் இல்லாமல் நடந்த காரியம் இது!

பெட்டிக்கு முன்பே, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் 1933இல் பெண் நிருபர்களுக்கு மட்டும் செய்தியாளர் சந்திப்பு வைத்தார். அதனாலேயே பத்திரிகைகள் பெண்களை வேலையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. பெட்டிக்கு அடுத்து வந்த அதிபரின் மனைவி ரோசலின் கார்ட்டர் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார், அதற்கே விமர்சனம். அப்புறம் ஜில் பைடன், வெள்ளை மாளிகையில் இருந்துகொண்டே கல்லூரியில் சம்பளத்துக்குப் பாடம் நடத்தினார். அவருக்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. இனி வருபவர் ஆணோ பெண்ணோ, தன் வேலையை விடாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.