வீட்டுக்கார அம்மாவை எப்படிக் கூப்பிடுவது?

மார்ச் 3, 2025, திங்கள்

ஆபீஸ் முடிந்து பெங்களூரு அல்சூரில் என் ரூமுக்கு வந்ததும் இங்க்கைத் திறந்தேன். ஆடுபவர் தேரும் பதிலுக்கேற்பக் கிளைவிடும் கேம் கதைகள் எழுத இங்கிள் ஸ்டுடியோ உருவாக்கி, 2016ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மொழி. வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால், ஆடுபவர் ஒருமுறை தேர்ந்ததும் அந்தப் பதில் மறைந்துவிடும். கூட்டல் குறி போட்டால் மறையாமல் நிற்கும்.

என் கேம் சின்னது. தர்மபுரியிலிருந்து வேலைக்கு வந்தவர் அல்சூரில் ரூம் தேடுகிறார். “அட்வான்ஸ் எவ்வளவு?” என்ற வரிக்கு நட்சத்திரம் போட்டுவிட்டேன். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் ஊரில் அதை ஒரு தடவையா கேட்போம்? கூட்டல் குறியாக மாற்றினேன்.

மார்ச் 5, புதன்

ஆடுபவரே தன் பெயரைத் தட்டச்சு செய்யலாம் என்று வைத்திருந்தேன். திரையில் “மீனாஐப் பார்த்தேன்” என்று வந்து நின்றது. மீனாவை, குமாரை என்று பெயருக்குப் பெயர் உருபு சேரும் விதம் மாறுகிறதே! ஆங்கிலத்தில் பெயரை எங்கே செருகினாலும் பொருந்திவிடும். பேச்சுத் தமிழ்தான் கைகொடுத்தது: மீனாகிட்ட, குமார்கிட்ட. ஆனால் பெயரை எழுவாயாக வைத்தால் வந்தானா, வந்தாளா என்று வினை கேட்கிறது. அதனால் ஆடுபவரைப் பற்றிப் பிறர் பேசும் வரிகளையெல்லாம் அவரிடமே நேராகப் பேசுவதாக மாற்றினேன். ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

மார்க்கெட்டில் காய்க்கார அம்மா “என்ன வேணும், பாத்து எடுங்க” என்றார். பேச்சுவாக்கில் ஊர் கேட்டார். தர்மபுரி என்றேன். “அட, நம்ம பக்கம்! அந்தக் கத்திரிக்காய விட்டுடு கண்ணு, இத எடுத்துக்கோ.”

எடுங்க, எடுத்துக்கோ ஆகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு ஊர்ப் பெயர்தான். நான் மூன்று பக்கம் எழுதிக் காட்ட நினைத்த நெருக்கம் அந்த ஒரு விகுதியில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ‘நெருக்கம்’ என்று ஒரு மாறி, அதாவது கேம் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு எண், வைத்தேன். அது பூஜ்யத்தில் இருந்தால் கேமில் வரும் வீட்டுக்கார அம்மா “வாங்க” என்பார். இரண்டைத் தாண்டினால் “வா”. விடைபெறும் இடத்தில் ஆடுபவருக்கும் இரண்டு பதில்கள்: “வரேங்க”, “வரேம்மா”. பொருள் ஒன்றுதான். எதை, எப்போது சொல்கிறோம் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

மார்ச் 15, சனி

பக்கத்து வீட்டுத் தம்பியை ஆடவிட்டு, வாயைத் திறக்காமல் பின்னால் உட்கார்ந்தேன். முதல் சந்திப்பிலேயே “வரேம்மா”வைத் தொட்டான். திரையில் அந்த அம்மா: “நான் எப்ப உனக்கு அம்மா ஆனேன்?” சட்டென்று திரும்பி, “அக்கா, தப்பா பேசிட்டேனா?” என்றான். உண்மையான வருத்தம் முகத்தில். முதலிலிருந்து தொடங்கி, இந்தத் தடவை “வரேங்க” என்றான்.

கேமில் வரும் மாடிப்படித் தாத்தாதான் கெடுத்தார். அவன் ஏறி இறங்கும்போதெல்லாம் “லைட்ட அணைச்சிட்டு போங்க”. ஒன்பது தடவை எண்ணினேன். புத்தகத்தில் ஒரு வரியை ஒரு தடவை படித்துக் கடந்துவிடுகிறோம். இங்கே அதே வரி காதில் அறைந்துகொண்டே இருக்கிறது.

அவன் போனதும் தாத்தாவுக்கு ஆறு வரிகள் எழுதி, மாறி மாறி வரும்படி வைத்தேன். நெருக்கம் இரண்டைத் தாண்டிய பிறகு மட்டும் வருவது கடைசி வரி: “காவேரித் தண்ணி வந்துடுச்சு, குடம் வச்சியா?”