அப்பாவோடு எழும்பூர் வெண்கலக் கூடத்தில்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்பவர் அப்பா. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தை அவருக்குக் காட்ட ரொம்ப நாள் ஆசை. வழிகாட்டி நேரே வெண்கலக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அதுதான் சரி.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் அப்பா நின்றுவிட்டார். சோழர் காலத்து வேலை. சிவன் பக்கம் இரண்டு கை, அம்மன் பக்கம் ஒன்று. அவர் ஆடை தொடையோடு நிற்க, அம்மன் ஆடை கணுக்கால் வரை இறங்குகிறது. மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். பிறகு அச்சை உடைத்துவிடுவார்கள் என்றார் வழிகாட்டி.

“அப்ப இதே மாதிரி இன்னொண்ணு வராதுங்களா?”

“வராதுங்க ஐயா.”

அப்பா ஆடையின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பட்டறைப் பையன்கள் அத்தனை பேரும் இதைப் பார்க்க வேண்டும். தீபாவளி வேலை முடிந்ததும் கூட்டிப் போகிறேன்.